மேல்காற்றின் பேரேடு

ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை, 52 நாள். கேரளத்தில் இழுவைமடிப் படகுகளுக்குக் கடலில் தடை. கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அந்த ஜூன் மாதத்தில் மட்டும் அங்கே ஏறத்தாழ 700 மி.மீ. மழை கொட்டும். அதே பருவக்காற்றின் தென்கிளை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து கிழக்கே இறங்கும்போது, மழையை மலைக்கு மேற்கிலேயே கொட்டித் தீர்த்திருக்கும். தூத்துக்குடியின் ஜூன் மழை 5 மி.மீ. சுற்றித்தான். ஒரே காற்று தோப்பும்படியில் நீராகவும் காயாமொழி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணற்குன்றுகளான தேரியில் மணலாகவும் கணக்கில் ஏறுகிறது.

இந்த இரண்டாவது கணக்கை எழுதிப் பார்ப்பதுதான் இங்கே வேலை. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு மண், அதைத் தடுக்க எவ்வளவு பணம். சூத்திரங்கள் வெளிநாட்டாருடையவை; கூலி, வண்டிவாடகை, குப்பைவிலை எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், விகிதம் பெரிதாக மாறாது.

முதலில் நாட்டின் மொத்தக் கணக்கு. அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட நிலச்சீரழிவு வரைபடத் தொகுப்பின்படி, 2018-19-இல் இந்தியாவில் சீரழிந்த நிலம் 9.785 கோடி ஹெக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் 29.77 சதவீதம். நீர் அரித்தது 11.01, தாவரம் அழிந்தது 9.15, காற்று அரித்தது 5.46 சதவீதம். நாட்டின் பரப்பு 32.87 கோடி ஹெக்டேர் என்பதால் காற்றின் பங்கு ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர். ராஜஸ்தான்தான் இதில் பெரும் பங்காளி. 1959-இல் ஜோத்பூரில் வறண்ட மண்டல ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் அமைந்ததற்கும் அந்தப் பாலைதான் காரணம். தமிழ்நாட்டுத் தேரி இந்த வரிசையில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தேரியோரத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சதவீதம் எதற்கு? வேலிக்கால் மூடுகிறதா இல்லையா என்பதுதான் அவர் கேள்வி.

மண் பறப்பதைக் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. மண் எந்த அளவில் உதிர்ந்து கிடக்கிறது என்பது சரிபாதி. கனடாவிலும் பிறகு கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டனிலும் வேலை பார்த்த வில்லியம் செப்பில் 1940-களில் இதற்கு ஒரு சுழல்சல்லடை செய்தார். ஒன்றுக்குள் ஒன்றாக உருளைவடிவச் சல்லடைகள், மெதுவாகச் சுற்றும். கையால் உலுக்கினால் கட்டி உடைந்து கணக்குக் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அவர் பிடித்த எல்லைக்கோடு 0.84 மி.மீ. அதைவிடப் பெரிய கட்டியைச் சாதாரணக் காற்று நகர்த்தாது, சிறியதை நகர்த்தும். நம் ஊர்க் கட்டுமான ஆய்வகங்களில் கிடைக்கும் 850 மைக்ரான் சல்லடை இதற்குப் போதும். எடுக்க வேண்டியது மேலாக 2.5 செ.மீ. மண் மட்டும், காய்ந்த நிலையில்.

உட்ரஃப், சிடோவே இருவரும் 1965-இல் எழுதிய காற்றரிப்புச் சமன்பாட்டில் முதல் பத்தியே இந்தச் சதவீதம்தான். அகலமான, மொட்டையான, மறைப்பில்லாத, மேலோடு கட்டாத சமநிலத்தில் ஒரு வருடத்துக்கு எத்தனை டன் போகும் என்று அட்டவணை சொல்லும். அளவுகோல் கன்சாஸின் கார்டன் சிட்டி ஊரின் காலநிலை. அதை 100 என்று வைத்தார்கள். அமெரிக்க டன்-ஏக்கரை நம் டன்-ஹெக்டேருக்கு மாற்றினால்:

0.84 மி.மீ.க்கு மேல் 1 சதவீதம்: 695 டன்
5 சதவீதம்: 404 டன்
10 சதவீதம்: 300 டன்
25 சதவீதம்: 193 டன்
40 சதவீதம்: 126 டன்
50 சதவீதம்: 85 டன்
66 சதவீதம்: 36 டன்

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் என்பது 10 கன மீட்டர், ஏறத்தாழ 14 டன். ஆகவே முதல் வரியின் 695 டன் என்பது ஒரே வருடத்தில் 5 செ.மீ. ஆழம். மேலே கட்டி 1 சதவீதத்திலிருந்து 10 ஆனால் இழப்பு பாதிக்குமேல் குறைகிறது. முதல் ஒன்பது புள்ளிக்குக் கிடைக்கும் லாபம் அடுத்த முப்பது புள்ளிக்குக் கிடைக்கும் லாபத்தைவிட அதிகம். மண்ணில் எதை மாற்ற வேண்டும் என்று யோசிப்பவர் இந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

0.84 மி.மீ. என்பது சுவர் அல்ல, பேசி முடித்த எல்லைக்கல். லிபியப் பாலையில் மணலை அளந்த ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்டின் 1941-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கும் தொடக்கவேகச் சூத்திரத்தைப் போட்டால் எல்லை எவ்வளவு வளைகிறது என்று தெரியும். தரைக் கரடுமுரட்டை 1 மி.மீ. என்று வைத்து, பத்து மீட்டர் உயரத்தில் வானிலை நிலையம் அளக்கும் காற்றாக மாற்றியிருக்கிறேன். 0.1 மி.மீ. மணல் மணிக்கு 12 கி.மீ. காற்றிலேயே அசையும். 0.25 மி.மீ. 19 கி.மீ.யில், 0.5 மி.மீ. 27-இல், 0.84 மி.மீ. 35-இல், 2 மி.மீ. 55-இல். இதெல்லாம் கல்மணலின் அடர்த்திக்கு. மண்கட்டி உள்ளே பொள்ளல் உடையது, எடை குறைவு, ஆகவே 0.84 மி.மீ. கட்டி 28 கி.மீ.யிலேயே கிளம்பும். 0.1 மி.மீ.க்கும் கீழே போனால் கதை மாறும். துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், காற்று தானாகக் கிளப்ப முடியாது. துள்ளிவரும் மணல் அதன்மேல் விழுந்து உடைத்தால்தான் தூசி எழும். தேரிக்காட்டுப் பக்கத்தில் செந்தூசி எழுவதற்கு முன்னால் கணுக்கால் உயரத்தில் மணல் சீறிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 30 செ.மீ. கருங்கல்லை அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 668 கி.மீ. வேண்டும். இவ்வளவு பெரிய பொருளுக்குச் சூத்திரம் செல்லாது என்பது வேறு விஷயம். ஆடிக்காற்று அம்மியை விட்டுவிட்டுக் கால் மில்லிமீட்டர் மணலைத்தான் எடுக்கிறது.

எவ்வளவு எடுக்கிறது? பாக்னால்டின் மணலோட்டச் சூத்திரத்தில் காற்றின் இழுவை மும்மடிப் பெருக்கமாக வரும். 0.25 மி.மீ. தேரிமணல், மணிக்கு 33 கி.மீ. காற்று: ஒரு மீட்டர் அகலத்தைக் கடந்து மணிக்கு 51 கிலோ. காற்று 41 கி.மீ. ஆனால் 99 கிலோ. காற்றில் கால் பங்கு கூடினால் மணல் இரட்டிப்பு. நூறு மீட்டர் அகலமுள்ள மொட்டைத் தேரிமுகட்டில், முதல் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 5 டன்னுக்குச் சற்று மேல். மணல் லாரிக் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, ஏறத்தாழ 4.5 டன். ஆக மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். தோப்பும்படியில் படகுகள் கட்டிக் கிடக்கும் அதே 52 நாளில், தினம் 6 மணி நேரம் இந்தக் காற்று அடித்தது என்று வைத்தால் 312 மணி, 1,580 டன், கிட்டத்தட்ட 350 யூனிட். ஏற்றுக்கூலி இல்லை, பெர்மிட் இல்லை.

இது மொட்டைமுகட்டின் கணக்கு. தேரியில் இன்று பெரும்பகுதி மொட்டை இல்லை. பனை, உடை, கொல்லாமரம், சவுக்கு என்று நிற்கிறது. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1883-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதியபோது இந்தச் செம்மணற்குன்றுகளையும் பதிவு செய்தார். இடம்பெயரும் மணல் என்பது அன்றே வருவாய்த்துறைக்குத் தலைவலியாக இருந்த விஷயம். பனையும் உடையும் அங்கே அழகுக்கு நிற்கவில்லை.

மும்மடிப் பெருக்கத்துக்கு இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. காற்றாலையில் கிடைக்கும் மின்சாரமும் காற்றுவேகத்தின் மும்மடியில்தான் ஏறும். ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் இறக்கைகள் நெருக்கியடித்து நிற்பதற்கும், கிழக்கே மணல் அலைவதற்கும் ஒரே பெருக்கல்தான் காரணம். காற்றாலை நிறுவ இடம் தேடுபவருக்குச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் அளவீடுகள் இருக்கின்றன. மண்ணுக்கு இடம் தேடுபவரும் அதே அளவீடுகளைக் கேட்கலாம். எனக்குத் தெரிந்து வேளாண்மைக்காரர்கள் அந்த வாசலை அதிகம் மிதிப்பதில்லை.

காலநிலைக் கணக்கு இப்போது. 1965-ஆம் ஆண்டுக் காற்றரிப்புச் சமன்பாட்டில் அது ஒரு சதவீதம்: காற்றுவேகத்தின் மும்மடியை 386-ஆல் பெருக்கி, ஈரக்குறியீட்டின் இருமடியால் வகுக்க வேண்டும். ஈரக்குறியீடு 1931-இல் தோர்ன்த்வெயிட் செய்தது. மாதமழையையும் வெப்பத்தையும் வைத்து வரும். தோராயமான மாதமழையைப் போட்டுப் பார்த்ததில் தோப்பும்படிக்கு 165 சுற்றியும் தூத்துக்குடிக்கு 29 சுற்றியும் வந்தது. சராசரிக் காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் தூத்துக்குடியின் காலநிலை எண் 57. 6 மீட்டர் என்றால் 99, கன்சாஸுக்குச் சமம். தோப்பும்படியில் 4 மீட்டர் காற்று வைத்தாலும் 0.9. ஒன்றைத் தொடவில்லை. வருடம் 3,000 மி.மீ. பெய்யும் ஊரில் காற்றரிப்பைப் பற்றிப் பேசுபவரைப் பைத்தியம் என்றுதான் இந்த எண் சொல்லும்.

ஆனால் இந்த எண்ணை நான் நம்பவில்லை. காரணம் தூத்துக்குடியின் 29-க்குள்ளேயே இருக்கிறது. அதில் 20.5 மதிப்பெண் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில் வந்தது; அப்போது மேல்காற்று இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதமும் சேர்ந்து தந்தது 2.1 மட்டும், காற்று முழுக்க அடிப்பது அப்போதுதான். ஐப்பசி மழையை எடுத்து ஆனிக்காற்றின்மேல் தெளித்துவிட்டு, வருடச் சராசரியில் மண் ஈரமாக இருந்தது என்று எழுதுகிறது சூத்திரம். சரி, காற்று மாதங்களை மட்டும் தனியே வகுக்கலாம் என்றால் விடை ஆயிரத்தைத் தாண்டும், அதுவும் பொருளற்றது. வறண்ட நாட்டில் இந்தச் சூத்திரம் வெடித்துவிடும் என்பது தெரிந்த குறை. அதற்காகவே 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வேறொரு வடிவம் தந்தது: மாதாமாதம் காற்றின் மும்மடி, அதை அந்த மாத ஈரப்பற்றாக்குறை விகிதத்தால் பெருக்கி, பன்னிரண்டையும் கூட்டுவது.

அந்த வடிவத்தில், ஆவியாதலுக்கு ஏற்ற எண்களை வைத்துப் போட்டால், தூத்துக்குடி ஜூனுக்கு நொடிக்கு 6 மீட்டர் காற்றில் 63 வருகிறது. நவம்பருக்குப் பூஜ்யம். தோப்பும்படி ஜூனுக்கும் பூஜ்யம்தான். ஆனால் தோப்பும்படி ஜனவரிக்கு 3 மீட்டர் காற்றிலேயே 7. வருடக்கணக்கில் ஒன்றைத் தொடாத ஊர், மாதக்கணக்கில் ஒரு மாதத்துக்கே 7. (இரண்டு சூத்திரத்தின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது, ஒரே சூத்திரத்துக்குள் ஊர்களை ஒப்பிடலாம்.) டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை கொச்சிக் கரையோர மணல் காய்ந்து கிடக்கும், பிற்பகலில் கடற்காற்று வரும். அங்கே பறப்பது வயல்மண் அல்ல. கட்டட வேலைக்குக் குவித்த மணலும், தூர்வாரி ஒதுக்கிய சேறு காய்ந்த பொடியும்தான். தோப்பும்படிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வில்லிங்டன் தீவே தூர்வாரிய மண்ணில் எழுந்ததுதான். ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் வந்து இறங்கி உப்பங்கழியைத் தோண்டியபோது எடுத்த மண்ணைத் தீவாகப் போட்டார்கள். அந்த ஊரில் மண்கட்டி ஆராய்ச்சிக்கு வேலையில்லை. ஒரு தார்ப்பாயும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். பேரேட்டில் அந்தப் பக்கத்தை இங்கேயே மூடலாம்.

கிழக்கே போவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் தெற்கே தேரி, வடக்கே கோவில்பட்டிக் கரிசல். ஒன்றில் கட்டியே கிடையாது, தனித்தனி மணல். மற்றதில் கட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரே மாவட்டத்துக்குள் அட்டவணையின் இரண்டு முனையும் இருக்கிறது. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் கரிசலுக்கு மண்கணக்குப் புதிதல்ல.

கட்டிகளின் அளவை எண்ணாக்குவது எப்படி? பத்துச் சல்லடைகளின் எடையை அப்படியே சுமந்து திரிய முடியாது. 1956-இல் கார்ட்னர் ஒரு சுருக்கம் சொன்னார்: கட்டியின் விட்டத்துக்கு மடக்கை எடுத்தால் அதன் பரவல் மணிவடிவத்தில் விழும். ஆகவே இரண்டே எண் போதும், ஒன்று பெருக்குச் சராசரி விட்டம், மற்றது பரவல் எண். உண்மை வயலில் பூஜ்யத்தளவு துகளும் இல்லை, எல்லையற்ற கட்டியும் இல்லை. அதனால் 1994-இல் வாக்னரும் டிங்கும் மேலெல்லை, கீழெல்லை இரண்டையும் சேர்த்து நான்கு எண்ணாக்கினார்கள். அமெரிக்க வேளாண்துறையின் இன்றைய காற்றரிப்புக் கணிப்பு மென்பொருள் அந்த நான்கில்தான் ஓடுகிறது.

பரவல் எண்ணை 8 என்று நிறுத்திவைத்துச் சராசரி விட்டத்தை மட்டும் மாற்றினேன். 2 மி.மீ. என்றால் 66 சதவீதம் 0.84-க்கு மேலே. 1 மி.மீ. என்றால் 53. அரை மி.மீ. என்றால் 40. கால் மி.மீ. என்றால் 28. அட்டவணையில் தேடினால் ஹெக்டேருக்கு முறையே 36, 70, 126, 177 டன். சராசரிக் கட்டி நான்கில் ஒரு பங்காகச் சிறுத்தால் இழப்பு மூன்றரை மடங்கு.

இந்தச் சிறுப்பைச் செய்ய இயற்கைக்குப் பல மாதம் வேண்டும். ரொட்டவேட்டருக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் போதும். சித்திரை மழையில் கோடை உழவு போட்டுக் கட்டி புரண்டு கிடந்த கரிசலில், பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு சால் ரொட்டவேட்டர் ஓட்டுகிறார்கள். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்றால் ஹெக்டேருக்கு 3,000. 2 மி.மீ. அரை மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காலநிலை எண் 57-ஐப் போட்டால் வருடத்துக்கு 20.5 டன்னாக இருந்தது 72 ஆகும். வித்தியாசம் 51. பயிர் நிற்கும் மாதங்களைக் கழித்துப் பாதியாக்கினாலும் 26 டன், ஏறத்தாழ 1.8 மி.மீ. மண்ணில் தழைச்சத்து 0.05 சதவீதம் என்றால் அதில் 13 கிலோ. அதை யூரியாவாக வாங்கினால் 28 கிலோ. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற மானிய விலையில் இது 167 ரூபாய்தான். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் காற்றரிப்பை அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் அந்த மூட்டையின் உண்மைச் செலவு ஏறத்தாழ 2,200 ரூபாய் என்று ஒன்றிய அரசே சொல்லியிருக்கிறது, அப்படிப் பார்த்தால் 1,380. அதற்கும் மேலே, பறப்பது சராசரி மண் அல்ல. சத்து ஒட்டியிருக்கும் பொடிதான் தொலைதூரம் போகும், சத்தில்லாத பரல் வரப்போரம் நிற்கும். எனவே 13 கிலோ என்பது குறைந்தபட்சம். எப்படிப் பார்த்தாலும் 3,000 ரூபாய் கொடுத்து 26 டன் மண்ணை அனுப்பிவைப்பது என் பேரேட்டில் மிக மோசமான வரி.

கரிசலைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. களி அதிகம், ஆகவே கட்டி உறுதி, ஆகவே பாதுகாப்பு என்று எண்ணத் தோன்றும். காற்றரிப்புக்காக மண்களை வகைபிரித்த அமெரிக்க மண்குழுப் பட்டியலில் கனமான களிமண்ணுக்குக் கொடுத்திருப்பது 25 சதவீதம்தான், ஹெக்டேருக்கு 193 டன். மணற்பாங்கான வண்டலுக்கும் அதே எண். நனைந்து காய்ந்து நனைந்து காயும் கரிசல் தானாகவே கடுகளவு குருணையாக உதிரும். உழவனுக்கு அது வரம், விதை போட இதம். காற்றுக்கும் அதே இதம். சித்திரையில் புரண்ட கட்டி ஆனிக்குள் இரண்டு தூறலில் குருணையாகிவிட்டால், கட்டி இருந்ததை நம்பிப் போட்ட கணக்கு வீண்.

சல்லடையே இல்லாமல் கணிக்க முடியாதா? 1994-இல் டெக்சாஸின் ஃப்ரைரியரும் கூட்டாளிகளும் அதற்கும் ஒரு சமன்பாடு தந்தார்கள். 29.09-இல் தொடங்கி, மணல் சதவீதத்தின் 0.31 மடங்கு, வண்டலின் 0.17 மடங்கு, மணல்-களி விகிதத்தின் 0.33 மடங்கு ஆகியவற்றைக் கூட்டு, உயிர்மப்பொருளின் 2.59 மடங்கையும் சுண்ணாம்பின் 0.95 மடங்கையும் கழி. வருவது பறக்கக்கூடிய பங்கு. தேரியோரத் தோட்டம் ஒன்று: மணல் 90, வண்டல் 4, களி 6, உயிர்மம் 0.3, சுண்ணாம்பு இல்லை. விடை 62. அதாவது 38 சதவீதம் நிலைத்து நிற்கும், இழப்பு 135 டன். ஆனால் மண்குழுப் பட்டியலில் மணலுக்கு நிலைக்கும் பங்கு 1 முதல் 7 சதவீதம், களி கலந்த மணலுக்கு 10. அந்தக் கணக்கில் 300 முதல் 695 டன். ஒரே தோட்டத்துக்கு இரண்டு விடை, இடையில் இரண்டு முதல் ஐந்து மடங்கு தூரம். சமன்பாடு அது கட்டப்பட்ட மண்களிலேயே மாறுபாட்டின் மூன்றில் இரண்டு பங்கைத்தான் விளக்கியது. அதன் களி எல்லை 5 முதல் 39.3 சதவீதம் வரை மட்டும். பாதிக்குமேல் களியுள்ள கோவில்பட்டிக் கரிசலும், களி அற்றுப்போன தேரிமுகடும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எண் வரும். ஆனால் அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை.

எதற்கு அது பயன்படும் என்றால், எந்தச் செலவு எத்தனை புள்ளி நகர்த்தும் என்று ஒப்பிட. தொழுவுரம் ஹெக்டேருக்கு 12.5 டன் என்பது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. அதில் உயிர்மம் 30 சதவீதம் என்றால் 3.75 டன். 15 செ.மீ. ஆழத்துக்கு உழுது கலந்தால் மண்ணின் உயிர்மம் 0.18 சதவீதம் ஏறும், பறக்கும் பங்கு அரைப் புள்ளிகூடக் குறையாது, 0.46. அதே குப்பையை மேலாக 2.5 செ.மீ.யில் விட்டால் உயிர்மம் 1.07 சதவீதம் ஏறும், குறைவது 2.8 புள்ளி. பொருள் ஒன்று, இடம் வேறு, பலன் ஆறு மடங்கு. டன் 1,500 ரூபாய் என்றால் 18,750 செலவு. வெயிலில் எரிந்துபோவதால் ஒவ்வொரு வருடமும் இதே செலவு.

குளத்து வண்டல் வேறு ரகம். களி 6-ஐ 8 ஆக்க, 15 செ.மீ. ஆழத்துக்கு 42 டன் களி வேண்டும். 40 சதவீதக் களியுள்ள வண்டல் 105 டன், டிராக்டர் டிரெய்லரில் 35 நடை. வண்டலை விவசாயிக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது, ஓட்டுக்கூலி மட்டும் செலவு. நடைக்கு 800 என்றால் 28,000. குறைவது 1.94 புள்ளி. குப்பையைவிடக் குறைவாகத் தெரியும், ஆனால் களி எரிந்துபோகாது. பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். மணலுக்கு முதல் ஒன்பது புள்ளி எவ்வளவு மதிப்பு என்று முன்னால் பார்த்ததை இங்கே சேர்த்துக்கொண்டால், தேரியோரத்தில் நான் முதலில் ஏற்றும் வண்டி வண்டல் வண்டிதான்.

முகட்டுக்கு இரண்டுமே உதவாது. அங்கே காற்றையே குறைக்க வேண்டும். 1965-ஆம் ஆண்டுச் சமன்பாடு மரவேலிக்குக் கொடுக்கும் காப்பு, அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம். 10 மீட்டர் சவுக்கு 100 மீட்டர் காக்கும். 100 மீட்டர் நீளம், இரண்டு வரிசை, 2 மீட்டர் இடைவெளி: 100 கன்று, ஒரு ஹெக்டேர். கன்று 5 ரூபாய் என்றால் 500. நடவுக்கு மூன்று ஆள்கூலி 1,800. செலவு தண்ணீரில்தான் இருக்கிறது. கன்றுக்கு 5 லிட்டர், வாரம் இரண்டு முறை, 26 வாரம்: 26,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கரில் ஐந்து நடை, 5,000 ரூபாய். மொத்தம் 7,300, ஒரே தடவை. வளர்ந்த பனை இந்தக் கணக்கில் வராது. அடியில் வெறும் தண்டு, காற்று இடையில் புகுந்து வேகமே பிடிக்கும். வடலியாக, ஓலை தரையைத் தொட்டு நிற்கும் வயதில்தான் பனை வேலி. ஓலையை அடியோடு கழித்துவிட்டால் அந்த வரியைப் பேரேட்டிலிருந்து அடித்துவிட வேண்டும்.

செலவே இல்லாத ஒரு வரியும் உண்டு. பாத்திமேட்டின் உயரமும் இடைவெளியும் சரியாக அமைந்து, அது காற்றுக்குக் குறுக்கே இருந்தால், அதே சமன்பாட்டின் கரடுமுரட்டுக் காரணி 1-லிருந்து 0.5 வரை இறங்கும். மேல்காற்று மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே சால் தென்வடலாக ஓட வேண்டும். கரிசலில் கட்டியோடு சேர்ந்தால் 20.5 டன் 10 ஆகும். டிராக்டர்காரர் நீளவாக்கில்தான் ஓட்டுவார், திருப்பம் குறையும் என்பார். வயல் கிழமேலாக நீண்டிருந்தால் டீசல் கொஞ்சம் கூடும். பேரம் பேச வேண்டியது அங்கேதான். மணலில் இந்த வித்தை பலிக்காது, முதல் காற்றிலேயே மேடு தட்டையாகும்.

இத்தனை வரியிலும் அளந்து எழுதியது குறைவு, வைத்துக்கொண்டது அதிகம். அதைச் சரிசெய்யும் செலவு, சல்லடையும் தராசும் நீங்கலாக, ஒரு வயலுக்கு ஒரு ஆளின் அரைநாள் கூலி. மே கடைசியில், காற்றுக்கு முன், மேலாக 2.5 செ.மீ. மண்ணைத் தட்டைக் கரண்டியால் உடையாமல் அள்ளி, நிழலில் உலர்த்தி, 850 மைக்ரானில் மெதுவாகச் சலித்து, மேலே நின்றதையும் கீழே விழுந்ததையும் நிறுத்து எழுத வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அதே இடத்தில் மறுபடி. மேலே நின்றது மே மாதம் 53 என்றிருந்து ஆகஸ்டில் 66 என்று ஏறியிருந்தால் மகிழ்வதற்கில்லை. கட்டி கூடவில்லை, பொடி போய்விட்டது. அதனால் மூன்றாவதாக ஒரு பத்தியும் வேண்டும்: வயலின் கிழக்கு வேலியோரம் குவிந்த மணலின் உயரம், செ.மீ.யில்.